விதிப்புத்தகத்தில் தெர்மாமீட்டரையும் சேருங்கள்

நன்னீர் மீன்பிடி விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வயிற்றுப்பாட்டுக்காக இல்லாமல், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவன் நான். பிடித்த மீனை முள்ளைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். அது வாலை அடித்துக்கொண்டு ஓடினால் மனசு நிறையும். இப்போதெல்லாம் கோடையில் அந்த நிறைவு வருவதில்லை.

10 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 25 டிகிரியில் எட்டுக்குச் சற்று மேல்தான். நீர் சூடாகச் சூடாக மீனுக்கோ ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய அந்த நேரத்தில்தான் நாம் அதைத் தூண்டிலில் அலைக்கழித்து, போட்டோவுக்காகத் தூக்கிப் பிடிக்கிறோம். ட்ரவுட் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு 20 டிகிரியைத் தாண்டினாலே திணறல். கண்ணெதிரே நீந்திப் போன மீன் சில மணி நேரம் கழித்து எங்கோ செத்து மிதக்கலாம். விட்டவனுக்கு அது தெரியப் போவதில்லை.

ஆழத்துக்குப் போய்த் தப்பிக்கலாமே என்றால், ஏரியின் மேல்நீர் சூடேறி, கீழுள்ள குளிர்நீரோடு கலக்காமல் நீண்ட நாள் நிற்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மேலே வெக்கை, கீழே மூச்சுமுட்டல். இடையில் ஒரு மெல்லிய அடுக்கில் மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நமக்குக் கொண்டாட்டம்!

உங்கள் விதிகளோ இன்னும் நாள்காட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பல மீன்கள் முட்டையிடுவதற்கு நீரின் வெப்பமும் ஒரு சைகை. வெப்பம் முந்தினால் மீனும் முந்தும். தடைக்காலம் மட்டும் அச்சடித்த தேதியிலேயே நிற்கும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஆறு சூடேறும் நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிக்கிறார்கள். காலைக் குளிர்ச்சியில் பிடித்துக்கொள்ளலாம். அதே மாநிலத்தில் 2016 ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் ஆற்று மீன்கள் சிறுநீரக ஒட்டுண்ணியால் ஆயிரக்கணக்கில் செத்தன. நீர் குறைந்து சூடேறியிருந்தது நோயை முற்றவைத்தது. 290 கிலோமீட்டருக்கும் மேல் ஆற்றை மூடினார்கள். படகுகூட விட முடியவில்லை, ஆற்றை நம்பியவர்களின் பிழைப்பும் அடிபட்டது. அரை நாள் தடைக்கே முணுமுணுப்பவர்கள் (என் நண்பர்களும் உண்டு) இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

நீர் வெப்பத்தை அளந்து அன்றன்றே அறிவியுங்கள். வரம்பு தாண்டினால், பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுகிற என்னைப் போன்றவர்களையும் நிறுத்துங்கள், போட்டிகளையும் தள்ளிவையுங்கள். முட்டையிடும் காலத் தடையை வெப்பத்துக்கேற்ப நகர்த்துங்கள். கெண்டைக்குப் பொருந்தும் வரம்பு ட்ரவுட்டுக்கு ஆகாது என்பதால், அந்தந்த நீர்நிலைக்குத் தனி வரம்பு வேண்டும். இதற்காக உரிமக் கட்டணத்தைக் கூட்டினாலும் கட்டத் தயார்.

இப்படிக்கு,
தூண்டில்காரன் ஒருவன்