ஸ்னார்க்கல் பொருத்தியதில் இருந்த குறைபாட்டால் என்ஜின் பழுதானது குறித்த புகார்

அனுப்புநர்: காரைக்குடி வட்டாரத்தில் விவசாயம் செய்துவரும் தங்கள் வாடிக்கையாளர்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஏர் ஃபில்டர் பெட்டியின் ஓட்டைகளை அடைக்காமல் ஸ்னார்க்கல் பொருத்தியதால் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது, இழப்பீடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த சித்திரையில் தங்கள் நிறுவனத்தின் ஸ்னார்க்கல் தொகுப்பை, அதாவது என்ஜின் காற்றிழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கும் குழாயை, தங்கள் அங்கீகாரம் பெற்ற மதுரை விற்பனையாளரிடம் ரூ.28,500 கொடுத்து வாங்கி, ரூ.4,000 கூலிக்கு அவருடைய பட்டறையிலேயே என் டீசல் ஜீப்பில் பொருத்திக்கொண்டேன். ஸ்னார்க்கல் இருக்கிறது என்ற தைரியத்தில் ஆற்றில் இறங்கி விளையாடுகிறவன் நான் அல்லன். கோடையில் செம்மண் புழுதியும், மழைக்காலத்தில் கண்மாய்த் தண்ணீரும் என் தோட்டத்துப் பாதையில் தவிர்க்க முடியாதவை என்பதால்தான் வாங்கினேன்.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தபோது, தோட்டத்துக்குப் போகும் தரைப்பாலத்தின் மேல் இரண்டடித் தண்ணீர் ஓடியது. முதலில் ஆளை விட்டு நடக்கச் சொல்லி ஆழம் பார்த்த பிறகே, லோ கியரில், நடக்கும் வேகத்தில் வண்டியை இறக்கினேன். முன்னால் எழுந்த அலை பானட்டின் பாதி உயரத்தைக்கூடத் தொடவில்லை. பாலத்தின் நடுவில் டொக்கென்று ஒரே ஒரு சத்தம் கேட்டு என்ஜின் நின்றுவிட்டது. நான் மறுபடி செல்ஃப் அடிக்கவில்லை என்பதை இங்கே குறிப்பாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன்; டிராக்டர் கட்டி இழுத்துத்தான் வண்டியைக் கரை சேர்த்தோம்.

காரைக்குடியில் லாரி வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் என் கண் முன்னால் வண்டியைப் பிரித்தார். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு என்ஜினைச் சுற்றியபோது, மூன்றாவது சிலிண்டரிலிருந்து செந்நிறத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஹெட்டைத் திறந்து பார்த்ததில், மற்ற மூன்று பிஸ்டன்களும் ஒரே மட்டத்துக்கு ஏற, அந்த ஒன்று மட்டும் 3 மி.மீ. தாழ்ந்தே நின்றது. டீசல் என்ஜின் காற்றைப் பதினாறில் ஒரு பங்காகவும் அதற்குக் குறைவாகவும் நெருக்கக்கூடியது. தண்ணீரோ நெருங்கிக் கொடுக்காது என்பதால், வளைந்து கொடுக்க வேண்டியது பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடுதான்.

இனி, தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்பதற்கு வருகிறேன். ஸ்னார்க்கலின் மேல்வாயிலிருந்து இறங்கும் குழாயின் உட்புறம் உலர்ந்தே இருந்தது. விரலால் தேய்த்தால் புழுதி பொடியாகவே வந்தது. ஆனால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சேறு கோடு போட்டிருந்தது. ஃபில்டர் தாள் ஊறி, நனைந்த அப்பளம்போல் கையோடு வந்தது. அந்தப் பெட்டியின் அடியில், உள்ளே சேரும் மழைநீர் வடிவதற்காக வண்டித் தயாரிப்பாளர் வைத்திருக்கும் துளையில், வாத்து அலகுபோன்ற ரப்பர் வால்வு இல்லை. துளை அடைக்கப்படவும் இல்லை. ஃபெண்டருக்குள் குழாயும் பெட்டியும் சேரும் இடத்தில் கிளாம்ப் முடுக்கப்படாமல், ரப்பர் உறை அரை அங்குலம் நழுவியிருந்தது. சீலண்ட் தடவிய அடையாளமே அங்கு இல்லை. எங்கள் ஊர் வீடுகளில் கூரைத் தண்ணீர் முழுவதும் வளவுக்குள் இறங்குவதால், தூம்பில் ஓர் இணைப்பு விட்டாலும் சுவர் ஊறிவிடும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். மூச்சுக்குழலைக் கூரை உயரத்துக்குத் தூக்கிவிட்டு, முழங்கால் உயரத்தில் இரண்டு ஓட்டைகளை விட்டுவைப்பது என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை.

இது என் வண்டியில் மட்டும் நேர்ந்த கவனக்குறைவா என்று அறிய, அதே தொகுப்பை அதே பட்டறையில் பொருத்திய என் பங்காளி ஒருவரின் வண்டியையும் பரிசோதித்தோம். என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடினால் சில நொடிகளில் என்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். அவர் வண்டி நிற்கவில்லை. கையை எடுக்காமலே சாம்பிராணிப் புகையை ஃபெண்டர் இடுக்கில் காட்டியபோது, அந்த இணைப்பு புகையை உள்ளே இழுத்ததைக் காணொளியாக எடுத்து இத்துடன் அனுப்பியுள்ளேன். செலவில்லாத இந்தச் சோதனையைப் பற்றியோ, வடிதுளையை அடைப்பது பற்றியோ, தொகுப்போடு தாங்கள் தரும் ஆங்கிலத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

தங்கள் சேவைப் பிரிவுக்கு இதையெல்லாம் எழுதியதற்கு, "தண்ணீரில் இறக்கியது பயன்படுத்தியவரின் தவறு, உத்தரவாதம் செல்லாது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பானட் மூழ்கும் அளவு தண்ணீரில் ஒரு ஜீப் நீந்திச் செல்லும் படத்தை அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கும் நிறுவனம் இப்படிச் சொல்வது விந்தையாக இருக்கிறது.

ஆகவே, என்ஜின் பழுதுபார்க்க ஆன ரூ.1,46,000, தொகுப்பின் விலை, பொருத்துகூலி ஆகியவற்றைச் சேர்த்து ரூ.1,78,500 எனக்குத் திருப்பித் தருமாறும், அதே பட்டறையில் பொருத்திக்கொண்ட மற்றவர்களின் வண்டிகளை அடுத்த மழைக்கு முன் அழைத்து இலவசமாகச் சரிபார்த்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் பணத்தைவிட இரண்டாவது கோரிக்கையே அவசரமானது. ரசீதுகளும் மெக்கானிக்கின் எழுத்துமூல அறிக்கையும் இணைக்கப்பட்டுள்ளன. கழற்றிய ராடும் ஃபில்டர் பெட்டியும் கழுவாமல் அப்படியே என்னிடம் இருக்கின்றன. தங்கள் பொறியாளர் எந்த நாளும் வந்து பார்க்கலாம்.

இக்கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் தக்க பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
காரைக்குடி