ஆவுளியா யானைக்குத்தான் உறவு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் கடற்பசு பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் காப்பகமானதை அருமையாக எழுதியிருந்தீர்கள். ஆனால் நம் கடலில் வாழும் கடற்பசுவான ஆவுளியாவைத் 'திமிங்கலத்தின் தங்கை' என்றது தவறு. அது யானைக்குத்தான் உறவு. யானையைப் போலவே அதற்கும் பால்காம்பு முன்னங்கால் பக்கம்தான். ஆண் ஆவுளியாவுக்குத் தந்தமும் முளைக்கும்.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜமைக்காவில் வாழ்ந்த பெசோசைரன் என்ற கடற்பசு நான்கு காலால் நடந்தது. அதன் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பாறைகளிலும் பாரதிசைரன், குட்ச்சிசைரன் எனப் பல வகைகள், 2 கோடி ஆண்டுப் பழமையோடு, கிடைத்திருக்கின்றன. அத்தனை பேர் மேய்ந்த கடலில் இன்று மிச்சம் ஆவுளியா ஒன்றுதான்.

மகள் வீட்டுக்குப் பின்லாந்து போனபோது, ஹெல்சிங்கி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஸ்டெல்லர் கடற்பசுவின் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. விலா எலும்புகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கடற்பசுவின் விலாவுக்குள் மஜ்ஜைக் குழி இருக்காது. கல் மாதிரி கெட்டி. முத்துக்குளிக்கிறவர் கல்லின் பாரத்தில் கடலுக்குள் இறங்குவாரே, அந்தக் கல்லை இது உடம்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. புதைபடிவமாக அதிகம் கிடைப்பதும் இந்த விலாதான்.

அந்த விலங்கை இயற்கையியலாளர் ஸ்டெல்லர் பார்த்தது 1741-இல், கப்பல் உடைந்து பெரிங் தீவில் ஒதுங்கியபோது. இறைச்சிக்காகக் கொன்று கொன்று, 1768-இல் கடைசி ஒன்றும் போய்விட்டது. 27 ஆண்டுகள்! நான் பள்ளியில் பாடம் நடத்திய காலமே அதைவிட அதிகம். நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

நம் தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் உள்ள மனோராவில் கடற்பசு பாதுகாப்பு மையம் அமையும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அங்கே படங்களும் பொம்மைகளும் மட்டும் போதாது. கட்ச் புதைபடிவங்களின் வார்ப்புகள் வேண்டும், 'ஆவுளியா' என்ற நம் மீனவர் சொல்லோடு தமிழில் விளக்கம் வேண்டும். அப்புறம், கரை ஒதுங்கி இறந்த ஆவுளியாவின் விலா எலும்பு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் மேசைமேல் வையுங்கள். பிள்ளைகள் கையில் தூக்கிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
பட்டுக்கோட்டை.