பரணில் கிடக்கும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காதில் ஹெட்ஃபோனும் கையில் ரிக்கார்டருமாகச் சென்னையைச் சுற்றி வருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். இயந்திர சுவிட்சுகளால் இயங்கிய பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் எந்த ரேக் மக்கர் செய்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு மனக்குறை. கோயில் மணி, காபி ஆற்றும் சத்தம், மெரினா அலை என்று காதுக்கு இதமானதையெல்லாம் பொறுக்கி எடுத்த கட்டுரையாளர், மற்றதை 'இரைச்சல்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். கனடாவின் வான்கூவரில் இசையமைப்பாளர் மரே ஷேஃபரும் அவருடைய குழுவும் ஊரின் ஒலிகளைச் சேகரிக்கப் புறப்பட்டதே இரைச்சல் பெருகுகிறதே என்ற கவலையில்தான். ஆனாலும் 1973இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் ஹாரனுக்கும் ஊதலுக்கும் இடம் இருந்தது. நம் ஊர் ஹாரன் மட்டும் என்ன பாவம் செய்தது?

அப்புறம், காற்றில் வரும் சத்தத்தோடு ஏன் நிற்க வேண்டும்? ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கு பஸ்ஸர் தகடு கிடைக்கிறது. அதில் வயரை சால்டர் செய்து ரிக்கார்டரின் மைக் துளையில் சொருகினால் போதும், தொட்ட பொருளுக்குள் ஓடும் அதிர்வெல்லாம் கேட்கும். மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியில் அதை ஒட்டிவைத்துக் காத்திருந்தேன். நடைமேடையில் யாரும் ரயில் வரும் பக்கம் தலையைத் திருப்பவில்லை, அதற்குள் கம்பி முனக ஆரம்பித்துவிட்டது. யாரோ மோதிரம் போட்ட விரலால் கம்பியைத் தட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார். அந்த 'டிங்... டிங்' இருக்கிறதே, கோயில் மணி தோற்றது!

இன்னொன்று, டெலிபோன் ரிசீவரில் ஒட்டிப் பேச்சைப் பதிவு செய்ய ஒரு காலத்தில் விற்ற காயில், அதாவது கம்பிச் சுருள். மின்கருவிகளைச் சுற்றியுள்ள மின்காந்தப் புலத்தை அது பிடிக்கும், ரிக்கார்டரில் சொருகினால் ஒலியாகக் கேட்கும். ஜெர்மனியைச் சேர்ந்த ஒலிக் கலைஞர் கிறிஸ்டினா குபிஷ் இதே தத்துவத்தில் ஹெட்ஃபோன் செய்து, 2004 முதல் பல ஊர்களில் ஆட்களை நடக்க வைத்து வருகிறார். நான் என் பழைய காயிலோடு பாண்டி பஜாரில் நடந்தேன். அமைதியாக மின்னிக்கொண்டிருந்த ஒரு நகைக்கடைப் பலகை, காயிலில் குளவிக்கூடாக இரைந்தது. ஈபி பெட்டி பக்கம் போனால் அடித்தொண்டையில் ஒரே சுருதி. ஏடிஎம் வாசலில் நின்றபோதுதான் காவலாளி பிடித்துக்கொண்டார். "என்ன சார் பண்றீங்க?" விளக்கம் சொன்னால் இன்னும் சந்தேகப்படுவார் என்று ஹெட்ஃபோனை அவர் காதிலேயே மாட்டிவிட்டேன். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "உள்ள ஆள் இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் சென்னை தினத்துக்குப் பழைய புகைப்படங்கள் காட்சிக்கு வருகின்றன. 1953இல் நின்றுபோன டிராமைப் படத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதன் மணி எப்படி ஒலித்தது என்று கேட்டால் தாத்தாக்கள் வாயால் அடித்துக் காட்டினால்தான் உண்டு.

போன மாதம் பரணை ஒழித்தபோது 1989இல் பதிவு செய்த கேசட் ஒன்று அகப்பட்டது. அப்போது மாம்பலத்தில் குடியிருந்தோம். மகள் 'அறம் செய விரும்பு' ஒப்பிக்கிறாள். 'ஆறுவது சினம்' வரும்போது குக்கர் விசில். 'இயல்வது கரவேல்' என்கிற இடத்தில் தெருவில் 'பழைய பேப்பர்' குரல். அதற்கும் பின்னால், கடற்கரை-தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் நீளமாக ஊதிக்கொண்டு போகிறது. 2004இல் அந்த ரயில் நின்றேபோனது. நான் மகளின் குரலைத்தான் பதிவு செய்தேன், ரயில் தானாக வந்து ஏறிக்கொண்டது.

இப்படிப்பட்ட கேசட் உங்கள் வாசகர்களின் வீட்டுப் பரணிலும் கிடக்கும். கல்யாணம், பிறந்தநாள், பாட்டுப் பயிற்சி என்று எதுவானாலும் சரி, பின்னால் என்ன கேட்கிறது, எந்தத் தெரு, எந்த வருடம் என்று நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லி நீங்கள் ஓர் அறிவிப்பு போடலாமே? நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் பெட்டியைத் திறந்து வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம். நான் அப்படி இரண்டைக் கெடுத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகர்,
மந்தைவெளி, சென்னை - 28