தம்பிக்கு

தம்பி, நல்லா இருக்கிறாயா? நான் அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில்தான் வருவதில்லை. சரி, மெல்போர்னில் வேலை அதிகமாக இருக்கும். சாப்பாட்டை மட்டும் விடாதே. மலை மேல் அந்த சேசு சபை ஃபாதரோடு நீ நிற்கிற போட்டோவை அக்கா காட்டினாள். நன்றாக இருந்தது, ஆனால் மெலிந்துவிட்டாய். அவள் வேறு என்னமோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள், நானும் துருவவில்லை.

ஓஃபியர் ரோடு கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போயிருந்தேன், போர்ச்சுகலிலிருந்து வந்து இங்கே நம் ஊர்ப்பக்கம் வேதம் போதித்த சேசு சபைக் குரு அருளானந்தர் பற்றித்தான் பிரசங்கம். மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கி ஒரே மனைவியோடு இருக்கிறேன் என்று மற்றவர்களை அனுப்பியது, அதில் கடலாயி அந்த நாட்டு ராஜா சேதுபதி வீட்டுப் பெண் என்பதால் வினை வந்தது, ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் தலையை வெட்டியது, அவர் ரத்தத்தில் சிவந்ததாகச் சொல்கிற செம்மண். எல்லாம் அப்பத்தா உன்னை மடியில் போட்டுச் சொன்ன கதைதான். உனக்கு அந்தப் பெயரை வைத்ததே அவர்கள்தானே.

ஆனால் அவருடைய அம்மாவைப் பற்றி மட்டும் யாரும் நின்று பேசுவதில்லை. லிஸ்பனில் அரண்மனைக்கு வேண்டப்பட்ட குடும்பம், புருஷன் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இளவரசனோடு சேர்ந்து வளர்ந்தவன். சின்ன வயதில் அவனுக்குப் பெரிய நோய் வந்தபோது சவேரியாரிடம் அழுது, பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபை அங்கி போட்டு விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் அவள்தான். பிழைத்தான், போட்டும் விட்டாள். அப்புறம் 1662இல் அவன் நிஜமாகவே சபையில் சேர்ந்து, 1673இல் இந்தியாவுக்குக் கிளம்பியபோது, போப்பாண்டவரின் தூதர் வரைக்கும் போய்த் தடுத்துப் பார்த்தாளாம். வேண்டிக்கொண்டவளே ஏன் தடுத்தாள் என்று பிரசங்கத்தில் ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெங்கு வந்து நீ கண் திறக்காமல் கிடந்தபோது நான் என்னவெல்லாம் வேண்டிக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும், ஓரியூரில் போய் உனக்கு மொட்டை போட்டதோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன்.

இதைக் கேள். 1686இல் மறவர் நாட்டில் அவரைப் பிடித்து, அடித்து வதைத்து, சாகிற நிலையில்தான் விட்டார்கள். அப்புறம் சபை வேலையாக லிஸ்பனுக்குப் போகிறார். கூட வளர்ந்த பேதுரு இப்போது ராஜா, இங்கேயே இரு என்கிறார். அம்மா உயிரோடு இருக்கிறாள். அங்கேயும் மதுரைப் பக்கம் சன்னியாசியாக, பண்டார சுவாமியாக, இருந்த மாதிரியே காய்கறிச் சாப்பாடுதான். பெற்றவள் வீட்டில்! திரும்ப 1690இல் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தார். சாவுக்கு முந்தின நாள் சிறையிலிருந்து மற்றக் குருக்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், அதை வாசிக்கிறவர்கள் எல்லாரும் அவர் தைரியத்தைப் பார்க்கிறார்கள், எனக்கு லிஸ்பனில் இருந்தவள் நினைப்புத்தான். செய்தி போனதும் ராஜா நன்றிப் பூசை வைத்தாராம், அவள் கறுப்பு உடுத்தாமல் திருநாள் உடுப்பில் வந்து நின்றாளாம். பெரிய மனுஷிதான். என்னால் ஆகாது, இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நீ தேசிய சேவைக்குப் போன நாளில் உன் பெரியப்பா முன்னால் நான் அழவில்லை, அது உனக்குத் தெரியும். படிப்பிலும் சரி, வேலையிலும் சரி, என் பிள்ளை மாதிரி யார் என்று புளோக் முழுக்கச் சொல்லித் திரிகிறவள் நான். ஆனால் எந்த முடிவையும் அக்காவிடம் முதலில் சொல்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? உட்லண்ட்ஸ் அத்தை அந்தப் பெண்ணைப் பற்றி மறுபடி கேட்டார்கள். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலையை மட்டும் அவசரத்தில் எழுதிக் கொடுத்துவிடாதே. கொடுத்திருந்தாலும் சாப்பாட்டை விடாதே.

அக்காவும் நானும் டிசம்பரில் ஓரியூர் போகிறோம், திருச்சிக்கு நேராக ஃபிளைட். டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது, உனக்கும் சேர்த்துப் போடவா வேண்டாமா என்று இந்த வாரத்துக்குள் போன் பண்ணிச் சொல். மெசேஜ் வேண்டாம், போன்.

அம்மா