ராஸ்கிராட் ஏறிய ஏணி நம் லீக்கிலும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கை அதன் சொந்த மண்ணில் 2-1 எனும் கோல் கணக்கில் வென்று, 2027 ஆசியக் கிண்ணப் போட்டிக்கு நம் சிங்கப்பூர்த் தேசியக் குழு தகுதிபெற்றதிலிருந்து, உள்ளூர்க் காற்பந்தை எப்படி வளர்ப்பது என்ற பேச்சு காப்பிக்கடை வரை வந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பேச்சில் எப்போதும் இங்கிலிஷ் பிரிமியர் லீக்கே அளவுகோலாக வைக்கப்படுகிறது. பல கோடி மக்களும் நூறாண்டைத் தாண்டிய கிளப்களும் கொண்ட நாட்டோடு நம்மை ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதால் பயன் ஒன்றும் இல்லை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் பல்கேரியாவோடு ஒப்பிடுவோம். அதிலும், வெல்லும் குழு மேல் நிலைக்கு ஏறவும் கடைசியில் வரும் குழு கீழ் நிலைக்கு இறங்கவும் வழியுள்ள அந்நாட்டு லீக்கின் 2011-12 பருவத்தை நம் காற்பந்து நிர்வாகிகள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பல்கேரியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய ஆறரை மில்லியன். நம்முடையது ஆறு மில்லியனைச் சற்றே தாண்டியது. அவ்வளவு சிறிய நாடு 1994 உலகக் கிண்ணக் காலிறுதியில் ஜெர்மனியை 2-1 என வீழ்த்தி நான்காம் இடத்தைப் பிடித்ததையும், அந்த ஆண்டே ஹிரிஸ்டோ ஸ்டொய்ச்கோவ் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதைப் பெற்றதையும் என் வயதுடைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்நாட்டு லீக் நெடுங்காலம் தலைநகர் சோஃபியாவின் கைக்குள்ளேயே இருந்தது. 2011ஆம் ஆண்டுவரை சிஎஸ்கேஏ கிளப் 31 முறையும் லெவ்ஸ்கி கிளப் 26 முறையும் பட்டம் வென்றிருந்தன. லோவெச் நகரின் லிடெக்ஸ், புளோவ்டிவ் நகரின் லோகோமோடிவ் போன்ற வெளியூர்க் குழுக்கள் இடையிடையே பட்டத்தைத் தட்டிச் சென்றதுண்டு என்றாலும், அவை தலைநகரின் ஆதிக்கத்தை நிலையாக உடைக்கவில்லை.

இந்தச் சூழலில்தான் நாட்டின் வடகிழக்கே உள்ள ராஸ்கிராட் என்ற சிற்றூரின் லூடோகோரெட்ஸ் குழு 2011இல் முதல் நிலை லீக்கில் கால்வைத்தது. 2009-10 பருவத்தில் அது மூன்றாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இரண்டாம் நிலைக்கும், மறு ஆண்டே அங்கு வென்று முதல் நிலைக்கும் ஏறியது. 2010இல் கிரில் டொமுஸ்சியெவ் என்ற மருந்துத் தொழிலதிபர் கிளப்பை வாங்கிப் பணம் போட்டார் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. பணமின்றி இது நடந்திருக்காது. ஆயினும் அவர் தலைநகரின் பெரிய கிளப் ஒன்றைத் தேடிப் போகாமல் மாநிலத்துச் சிறிய கிளப்பைத் தேர்ந்தெடுத்தார். வெற்றி பெற்றால் அந்தக் கிளப் மேலே ஏறலாம் என்று விதி இருந்ததால்தான் அந்தத் தேர்வுக்கே பொருள் இருந்தது.

அப்பருவத்தில் 16 குழுக்கள் தலா 30 ஆட்டங்கள் ஆடின. 29 ஆட்டங்கள் முடிந்தபோது சிஎஸ்கேஏ 69 புள்ளிகளுடன் முதலிடத்திலும், லூடோகோரெட்ஸ் 67 புள்ளிகளுடன் அடுத்த இடத்திலும் நின்றன. கடைசி ஆட்டத்தில் இவ்விரு குழுக்களே ராஸ்கிராட்டில் நேருக்கு நேர் மோத வேண்டும் என்று அட்டவணை அமைந்திருந்ததை என்னவென்று சொல்வது! சமநிலை கண்டாலே சிஎஸ்கேஏ வெற்றியாளர். லூடோகோரெட்ஸுக்கோ வெற்றியைத் தவிர வேறு வழியில்லை. அப்பருவத்தில் தலா 16 கோல்கள் போட்டு முன்னணியில் இருந்த இவான் ஸ்டொயனோவும் ஜூனியர் மொராயெஸும் எதிரெதிர்க் குழுக்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் 2012 மே 23ஆம் தேதி அந்த ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டவர் மிரொஸ்லாவ் இவானோவ். 1-0. 70 புள்ளிகளுக்கு 69 என்று ஒரே புள்ளி வேறுபாட்டில், முதல் நிலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே ராஸ்கிராட் பட்டம் வென்றது. அதே மாதத்தில் பல்கேரியக் கிண்ணத்தையும் அது கைப்பற்றியிருந்தது.

இந்தப் பருவத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். பட்டியலின் மறுமுனையையும் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ராஸ்கிராட்டுக்கு அருகிலுள்ள தர்கோவிஷ்டே நகரின் ஸ்வெட்காவிட்சா குழுவும் அதே 2011இல்தான் இரண்டாம் நிலையிலிருந்து ஏறி வந்தது. அது கடைசி இடத்தைப் பிடித்து, வந்த வழியே இறங்கிப் போனது. ஒரே வட்டாரத்திலிருந்து ஒரே ஆண்டில் வந்த இரண்டு சிறிய கிளப்களில் ஒன்று உச்சியைத் தொட்டது, மற்றொன்று கீழே போனது. இரண்டுக்கும் வாய்ப்பு ஒன்றுபோலவே கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை ஒரு லீக்கின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

பெரிய பெயர்களுக்கும் அங்கு விலக்கு இல்லை. 31 பட்டங்கள் வென்ற சிஎஸ்கேஏ, கடன் சுமையால் 2015இல் உரிமம் மறுக்கப்பட்டு மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. மூன்றாம் நிலையில் ஆடிக்கொண்டே 2016இல் மொன்டானா குழுவை 1-0 என வென்று பல்கேரியக் கிண்ணத்தை அது தூக்கியது வேறு கதை. ஆனால் அடுத்து அது லிடெக்ஸின் உரிமத்தின் வழியாக நேரே முதல் நிலைக்குத் திரும்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. படிப்படியாக ஏறி வந்திருந்தால் அக்குழுவின் பெருமை இன்னும் கூடியிருக்கும்.

எதிர்வாதமும் உண்டு. லூடோகோரெட்ஸ் 2011-12 தொடங்கி 2024-25 வரை தொடர்ச்சியாக 14 பருவங்கள் பட்டம் வென்றது. சோஃபியாவின் ஆதிக்கம் போய் ராஸ்கிராட்டின் ஆதிக்கம் வந்ததில் லீக்குக்கு என்ன நன்மை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2012-13 பருவம் கடைசி நாள்வரை இழுபறியாக இருந்தது; முன்னணியில் இருந்த லெவ்ஸ்கி, ஸ்லாவியாவுடனான ஆட்டத்தில் சொந்தக் கோல் ஒன்றால் 1-1 எனச் சமநிலை கண்டு, பட்டத்தை மீண்டும் ஒரே புள்ளியில் ராஸ்கிராட்டிடம் இழந்தது. பின்னர் வந்த பருவங்கள் பலவற்றில் அந்த விறுவிறுப்பு இல்லை. ஆனால் அதற்குக் காரணம் பணம் ஓரிடத்தில் குவிந்ததே ஆகும். ஏறவும் இறங்கவும் வழி இருந்தது அதற்குக் காரணமன்று. மேலும், அந்தச் சிறிய கிளப் 2014இல் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியின் தகுதிச் சுற்றில் ருமேனியாவின் ஸ்டெவா குழுவை எப்படி வென்றது என்று பாருங்கள். 90ஆம் நிமிடத்தில் வாண்டர்சன் கோல் போட்டு ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனார். அது முடியும் தறுவாயில் கோல்காவலர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரை இறக்கவும் வழியில்லை. தற்காப்பு ஆட்டக்காரர் கோஸ்மின் மோட்சி கோல்காவலரின் சட்டையையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு, வெற்றியாளரை முடிவுசெய்யும் பெனால்டிகளில் முதலாவதைத் தாமே உதைத்து கோலாக்கி, பிறகு கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று எதிரணியின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். அதன்பின் ரியால் மட்ரிட்டும் லிவர்பூலும் பல்கேரியாவுக்கு வந்து ஆடின. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாம் நிலைக்கு அப்போதுதான் ஏறியிருந்த கிளப் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி நம் நிலைமை. 1996இல் எஸ்-லீக் என்று தொடங்கி 2018 முதல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று வழங்கும் நம் தொழில்முறை லீக்கில் 2025-26 பருவத்தில் 8 குழுக்கள் ஆடின. கடைசி இடத்தைப் பிடிக்கும் குழுவும் அடுத்த பருவத்தில் அங்கேயே இருக்கும். அதற்குக் கீழே அமெச்சூர் நிலையில் ஆடும் குழு எத்தனை முறை வென்றாலும் அந்த வெற்றியைக் கொண்டு மேலே வர முடியாது. என் அண்ணன் மகன் அத்தகைய குழு ஒன்றில் ஆடுகிறான். வேலை முடிந்து வரும் இளையர்கள் வாடகைத் திடலில் இரவு பத்து மணிக்கு விளக்கு அணைக்கும்வரை பயிற்சி செய்வதையும், சந்தாப் பணத்தைத் தங்களுக்குள் வசூலித்துக்கொள்வதையும் நான் பார்த்து வருகிறேன். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் பலர். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதானதும் ஒவ்வொருவராக விலகிவிடுகிறார்கள். வென்றால் எங்கே போவோம் என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் பதில் இல்லை.

நிலமும் நிதியும் குறைவான இங்கே பல்கேரிய முறையை அப்படியே பின்பற்ற இயலாது என்பதை அறிவேன். நிதிநிலை சரிபார்க்கப்படாமல் சிறிய கிளப்களை மேலே ஏற்றினால் அவை கடனில் மூழ்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஓர் எளிய தொடக்கத்தையே முன்மொழிகிறேன். பிரிமியர் லீக்கில் கடைசி இடம் பெறும் குழுவும், அமெச்சூர் லீக்கின் வெற்றியாளரும், கணக்குகளும் பயிற்சி வசதிகளும் முறையாக இருப்பதாகச் சான்று பெற்ற நிலையில், பருவத்தின் முடிவில் இரண்டு ஆட்டங்கள் மோதட்டும். புதிய கிளப் வென்றால் ஈராண்டுக்கு அதற்குத் திடல் வாடகையில் உதவி கிடைக்கட்டும். தகுதியான கிளப் இல்லாத ஆண்டில் அந்த ஆட்டங்களைத் தள்ளிவைக்கலாம். வழி இருக்கிறது என்பது மட்டும் விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தில் இங்கிலாந்து ஆட்ட முடிவுகளுக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு சிறு பகுதியை, நம் அமெச்சூர் லீக்கின் வாராந்தர முடிவுகளுக்கும் புள்ளிப் பட்டியலுக்கும் திங்கட்கிழமைதோறும் அளித்தால், அந்த இளையர்களின் பெற்றோரும் நண்பர்களும் மட்டுமல்லாமல், கிளப் ஒன்றை ஆதரிக்க எண்ணும் நம் சமூகத்துத் தொழில்முனைவர்களும் அதைக் கவனிப்பார்கள்.

இப்படிக்கு,
காற்பந்து ரசிகர் ஒருவர்,
ஈசூன்