பறிமுதல் செய்த பைகளை மணலுக்குக் கொடுங்கள்

சென்னை மாநகராட்சி சாலைத் துறைப் பொறியாளர்களுக்கு, வணக்கம்.

கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரைப் பக்கம் கடலை ஒட்டிய தெருக்களுக்குக் கீழே இருப்பது மணல். பக்கவாட்டில் அணைப்பு இருக்கும்வரை பாரம் தாங்கும். ஓரத்தில் பள்ளம் வெட்டினால் சரியும், தார் விளிம்பு உடையும். இந்த மணலில் கழிவு பிளாஸ்டிக்கைக் கலந்து ஒரே ஒரு தெருவில் சோதித்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மதுரைப் பேராசிரியர் வாசுதேவனின் பிளாஸ்டிக் தார்ச்சாலை உங்களுக்குத் தெரியும். அதில் பிளாஸ்டிக் உருகி ஜல்லிமேல் படிகிறது. நான் சொல்வதில் உருக்கும் வேலையே இல்லை. சின்னக் கீற்றுகளாக நறுக்கி மணலோடு கலந்து இறுக்க வேண்டும். மணலுக்கு ஒட்டும் குணம் கிடையாது, உராய்வுதான் அதன் பலம். பாரம் ஏறித் துகள்கள் நகரப் பார்க்கும்போது கீற்று இழுபட்டுப் பிடித்துக்கொள்ளும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கடைப் பைகளை நறுக்கிக் கலந்து சோதித்தபோது மணலின் உராய்வுக் கோணம், அதாவது சரியாமல் தாங்கும் பலத்தைக் காட்டும் அளவு, கூடியிருக்கிறது. ஆனால் அள்ளிக் கொட்டக் கூடாது. மிஞ்சினால் கீற்றின்மேல் கீற்று வழுக்கும்.

கொடுங்கையூர் குப்பைமேடு இதனால் கரையாது. ஒரு கிலோமீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம் என்றால் மணல் சுமார் 2,400 டன். அதில் 0.3 சதவீதம் கலந்தாலும் 7 டன் சொச்சம்தான் போகும். நகரத்தின் ஒரு நாள் குப்பையோ 5,000 டன்னுக்கு மேல். அதனால் இதைக் குப்பை ஒழிப்புத் திட்டமாக அறிவித்துவிடாதீர்கள். சாலை வேலையாகவே பாருங்கள்.

பாட்டில்களைத் தொட வேண்டாம், அவற்றைக் காயலாங்கடைக்காரர் காசு கொடுத்தே வாங்குகிறார். 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் கடைகளில் சிக்குகிறதே, அந்தக் கேரி பேக்குகள் போதும். அழுக்குப் படாதவை, கழுவும் செலவும் மிச்சம்.

என் பெரிய பயம் தோண்டுதல். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், கேபிள் என்று யாராவது வருஷா வருஷம் வெட்டுகிற ஊர் இது. கீற்று கலந்த மணலை வெளியே கொட்டினால் கடற்காற்றில் பறந்து நேராகக் கடலுக்குப் போகும். ஆகவே குழாய், கேபிள் வேலையெல்லாம் முடிந்த தெருவையே எடுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் அள்ளிய மண் அதே குழிக்குள் திரும்ப வேண்டும் என்று உத்தரவிடுங்கள். தாருக்குக் கீழே மட்டும் போடுங்கள். மழைநீர் இறங்கும் திறந்த மணலிலும் கிணற்றோரத்திலும் வேண்டவே வேண்டாம். அங்கே பலர் குடித்தனம் நடத்துவதே அந்த நிலத்தடி நீரில்தான்.

பக்கத்திலேயே கீற்று கலக்காத தெரு ஒன்றையும் போட்டு, இரண்டு பருவமழைக்குப் பிறகு இரண்டின் பள்ளங்களையும் அளந்து, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கடற்கரைச் சாலைவாசி ஒருவர்