ஏழையின் பக்கம் நிற்கும் வழக்கறிஞருக்கும் நிலையான பணி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைகளில் விசாரணைக் கைதிகள் நிரம்பி வழிவதைப் பற்றி நாளிதழ்கள் அவ்வப்போது செய்தியும் தலையங்கமும் வெளியிடுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கும் சற்று அதிகமானோர், குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். இதற்குக் காரணம் தேடும்போது நீதிபதிகள் பற்றாக்குறை, காவல்துறையின் தாமதம் என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவருக்காக வாதாட அரசே அமர்த்தியிருக்கும் வழக்கறிஞர் எந்த நிலையில் வேலை செய்கிறார் என்று கேட்பவர் குறைவு. வேலூர் நீதிமன்றங்களில் நெடுங்காலம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி அளிக்கும் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022இல் கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம் பலருக்குத் தெரியாது. அதற்கு முன்பு, பட்டியலில் பெயர் உள்ள வழக்கறிஞர்கள் தங்கள் சொந்த வழக்குகளுக்கு நடுவே இலவச வழக்குகளையும் பார்த்து வந்தார்கள். சிலர் மனசாட்சியோடு செய்தார்கள். சிலருடைய வழக்குக் கட்டுக்குள் அந்தக் கோப்பு எப்போதும் அடியிலேயே கிடந்தது. புதிய திட்டத்தில் மாவட்ட அளவில் ஒரு தலைமை வழக்கறிஞரும், துணைத் தலைமை வழக்கறிஞர்களும், உதவி வழக்கறிஞர்களும் முழுநேரமாகக் குற்ற வழக்குகளை மட்டும் நடத்துகிறார்கள். தலைமை வழக்கறிஞராக வருபவர் குறைந்தது 10 ஆண்டுகள் குற்றவியல் அனுபவமும், அமர்வு நீதிமன்றத்தில் 30 வழக்கு விசாரணைகளையாவது நடத்திய பழக்கமும் உள்ளவராக இருக்க வேண்டும். இவர்கள் தனியார் வழக்கு எதையும் எடுக்கக் கூடாது. இது நல்ல திட்டம். இதை நான் மனமார வரவேற்கிறேன். வரவேற்பதால்தான் இது அரைகுறையாக நின்றுவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறேன்.

கைதானவரை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்திக் காவலில் வைக்க உத்தரவு வாங்கும் முதல் ரிமாண்டிலேயே அவருடைய வழக்கு பெரும்பாலும் திசை பிடித்துவிடுகிறது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. உனக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு என்று முதல் முறை நிறுத்தப்படும்போதே எடுத்துச் சொல்வது நடுவரின் கடமை என்று, அஜ்மல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 2012இல் அறுதியிட்டுக் கூறியது. நாட்டையே உலுக்கிய குற்றத்தைச் செய்தவனின் வழக்கில்தான் அந்தச் சொல் வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நடைமுறையிலோ, ஞாயிற்றுக்கிழமை இரவு நடுவரின் வீட்டு வாசலில் காவல்துறை வாகனம் வந்து நிற்கும், "போலீஸ் அடிச்சாங்களா?", "வக்கீல் வெச்சிருக்கியா?" என்று இரண்டு கேள்விகள், பக்கத்தில் காவலர் நிற்க, இரண்டுக்கும் "இல்லீங்க" என்று ஒரே பதில், பதினைந்து நாள் காவல் உத்தரவு. இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த வாசலில் ஒரு வழக்கறிஞர் நின்றிருந்தால் கேட்கக்கூடிய கேள்விகள் எத்தனையோ உண்டு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது, தேவையானால் அறிவிப்புக் கொடுத்து விசாரிக்கலாம் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் கூறியது. அப்படியிருக்க, இந்தக் கைதுக்கு அவசியம் என்ன? உடம்பில் காயம் இருக்கிறதா? வயது 19 என்று எழுதியிருக்கிறார்களே, பள்ளியின் மாற்றுச் சான்றிதழை யாராவது பார்த்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்று கேட்கப்படாததால், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டிய பையன் பெரியவர்களின் சிறைக்குப் போய்விடலாம். வேலூருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. மருத்துவத்துக்காக மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ஆண்டு முழுவதும் மக்கள் வருகிற ஊர் இது. அவர்கள் மொழியில் பேச மருந்துக் கடையிலும் விடுதியிலும் ஆள் இருக்கிறார். அவர்களில் ஒருவர் வழக்கில் சிக்கினால், அவருக்காக வாதாட வேண்டிய வழக்கறிஞருக்கு அவர் சொல்வதைப் பெயர்த்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

அடுத்தது நாள் கணக்கு. குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள், பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாளுக்குள், தாக்கலாகாவிட்டால் ஜாமீன் பெறுவது கைதியின் உரிமை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167ஆவது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் கெடு முடிந்ததும், குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பு கேட்க வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். எழுத்தில் மனு இல்லாமல் வாயால் கேட்டாலும் போதும் என்று ராகேஷ் குமார் பால் வழக்கில் 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. தொரப்பாடி மத்திய சிறைக்குள் இருக்கும் கூலித் தொழிலாளிக்கு 61ஆவது நாள் எது என்று எப்படித் தெரியும்? அவருக்காக அந்த நாளை எண்ணிக் கொண்டிருக்க வேண்டியவர் லீகல் எய்டு வக்கீல். நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு தனி டைரி வைத்திருந்தோம். தினமும் காலையில் முதல் வேலையாக அதைத் திறந்து பார்ப்பேன். கட்டணம் கொடுத்த கட்சிக்காரருக்குக் கிடைத்த அந்தக் கவனம் இலவச வழக்குக்கும் கிடைக்க வேண்டுமானால், அந்த வழக்கறிஞருக்கும் ஒரு குமாஸ்தாவும், மூச்சு விடும் அளவிலான வழக்கு எண்ணிக்கையும் வேண்டும்.

ஜாமீன் கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையான அலைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வந்து நின்றது நினைவிருக்கிறது. மகன் மீது இருசக்கர வாகனத் திருட்டு வழக்கு. ஜாமீன் உத்தரவும் ஆகிவிட்டது. இரண்டு ஜாமீன்தார்கள் வேண்டும், ஒருவர் ரத்த சம்பந்தம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிளாஸ்டிக் பையில் குடும்ப அட்டை, ஆதார் நகல், யாரோ எழுதிக் கொடுத்த வீட்டு வரி ரசீது எல்லாம் வைத்திருந்தார். ரத்த சம்பந்தத்துக்கு அவர் இருக்கிறார். இரண்டாவது ஆளாக வரச் சம்மதித்த அவருடைய தம்பி வசிப்பது ஆற்காட்டில். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். வெளி மாவட்டத்து ஆளா என்ற கேள்வி எழுந்து, நேற்று வரை ஒரே மாவட்டத்தில் இருந்த தம்பி திடீரென்று அயலூரார் ஆகிவிட்டார். வரி ரசீது வேறொருவர் பெயரில் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று, மறுபடியும் ஒரு பேருந்துக் கட்டணம், மறுபடியும் ஒரு நாள் கூலி இழப்பு என்று போய்க்கொண்டிருக்க, மகன் உள்ளேயே இருந்தான்.

மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கிலும் இதே கதைதான் நடந்தது. ஜாமீன்தாராக வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்க மறுத்தபோது, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1978இல் அதைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பெழுதினார். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகவே வழிகாட்டியிருக்கிறது. ஜாமீன் உத்தரவான ஏழு நாளுக்குள் கைதி விடுதலையாகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணைப்பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தார்தான் வேண்டும் என்று வற்புறுத்தாமல் இருக்கலாம். விதி இவ்வளவு இருந்தும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் நடுவர் முன் வைக்க ஓர் ஆள் வேண்டுமே! ஒரு வழக்கறிஞர் காலையில் விசாரணை, மதியம் ஜாமீன் மனு, மாலையில் சிறை என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, குடியாத்தத்துக்குப் போய் வரி ரசீதைச் சரிசெய்து கொடுப்பது யார்?

இங்கேதான் என் முதன்மையான மனக்குறை. அரசுத் தரப்பில் வாதாடும் உதவி குற்றவியல் வழக்கறிஞர், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் வென்று நிரந்தரப் பணியில் அமர்கிறார். அவருக்கு ஊதிய விகிதம் உண்டு, பதவி உயர்வு உண்டு, பின்னால் ஓர் இயக்ககமே உண்டு. சாட்சியைத் தேட காவல்துறை இருக்கிறது. தடயத்தைப் பார்க்க ஆய்வகம் இருக்கிறது. எதிரே நிற்கும் சட்ட உதவி வழக்கறிஞருக்கு இரண்டாண்டு ஒப்பந்தம். பிறகு ஆண்டுக்கொரு முறை நீட்டிப்பு. ஒரு கொலை வழக்கு அமர்வு நீதிமன்றத்தில் சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் அவருடைய ஒப்பந்தமே முடிந்துவிடக்கூடும். சம்பவ இடத்தைப் போய்ப் பார்த்துவரவோ, கண்காணிப்புக் கேமரா பதிவு அழிவதற்கு முன் கேட்டு வாங்கவோ அவரிடம் ஆள் கிடையாது. தராசின் ஒரு தட்டில் மட்டும் படிக்கல்லை அடுக்கிவிட்டு முள் சரியாக நிற்கவில்லையே என்று வியப்பதில் பொருளில்லை.

இலவச வழக்கறிஞருக்கான அலுவலகத்தை லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரம் 1914இலேயே தொடங்கிவிட்டது. கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழைக் கைதி சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவின் பேரில், வசதியில்லாதவருக்கு அரசு ஒரு வழக்கறிஞரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட நாட்டில்கூட, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் இலவச வழக்கறிஞர் அலுவலகம், போதிய ஆளும் பணமும் இல்லாததால் சில கடுமையான குற்ற வழக்குகளை ஏற்க முடியாது என்று 2016இல் கைவிரிக்க நேர்ந்தது. ஆளையும் பணத்தையும் ஒதுக்காமல் உரிமையை மட்டும் அறிவித்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

திருடனுக்கும் ரௌடிக்கும் நம் வரிப்பணத்தில் வக்கீலா என்று தேநீர்க் கடையில் கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்டவரின் வேதனையை நினைத்துக் கேட்கிறார்கள். ஆனால் இலவச சட்ட உதவி பற்றிச் சொல்லாமலேயே நடத்தப்பட்ட விசாரணை என்பதற்காக, சுக்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் தண்டனையையே ரத்து செய்தது. ஒழுங்கான எதிர்வாதம் இல்லாமல் வாங்கிய தண்டனை மேல்முறையீட்டில் நிற்காமல் போகலாம். அப்போது அதிகம் ஏமாறுபவர் புகார் கொடுத்தவர்தான்.

சட்ட உதவி அலுவலகத்தை வலுப்படுத்தும் முயற்சிக்கு வேலூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மத்திய சிறையும் பெண்கள் தனிச்சிறையும் தொரப்பாடியில் இருக்கின்றன. தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமியும் இங்கேதான் இருக்கிறது. காட்பாடியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அந்த மாணவர்களை முறையான பயிற்சியோடு சட்ட உதவி அலுவலகத்தில் அமர்த்தி, ஜாமீன் உத்தரவாகியும் வெளிவராதவர்களின் பட்டியலை வாரந்தோறும் சரிபார்க்கச் செய்யலாம். வீட்டுக்குப் போய்ச் சான்றுகளைச் சேகரிக்கச் சமூகப் பணியாளர் ஒருவரை நியமிக்கலாம். ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு உதவும் மத்திய அரசின் திட்டம் 2023 முதல் இருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தை நிரப்பவும் அவர்கள் துணையாக இருப்பார்கள்.

மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் தமிழ்நாடு அரசையும் நான் கேட்டுக்கொள்வது இது: சட்ட உதவி வழக்கறிஞர் பதவிகளை, அரசு உதவி குற்றவியல் வழக்கறிஞருக்கு இணையான ஊதியத்தோடு நிலையான பணியிடங்களாக மாற்ற வேண்டும். அதற்குக் காலம் பிடிக்குமென்றால், ஒப்பந்தக் காலத்தை ஐந்தாண்டாகவாவது உயர்த்தி, கையில் இருக்கும் அமர்வு வழக்கு முடியும் வரை அதே வழக்கறிஞர் தொடர வழி செய்ய வேண்டும். விடுமுறை நாளும் இரவும் உட்பட அன்றன்று ரிமாண்டுக்கு யார் வருவார் என்ற முறைப்பட்டியலை, கைபேசி எண்ணோடும் 15100 என்ற இலவச உதவி எண்ணோடும், வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதிகளின் ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். அந்த எண்ணுக்குப் பேசப்பட்டதா, வழக்கறிஞர் வந்தாரா, எத்தனை மணிக்கு வந்தார் என்பதை நடுவர் தம் ரிமாண்டு உத்தரவிலேயே பதிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.